கோபுரத்தடி மாரிச்சாமியின் பெண்டாட்டி

நொச்சிக்கரிசல் கோயில் கோபுரம் ஒரு ஆளை விழுங்கித்தான் நின்றது என்று அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் சொல்வார்கள். பஸ்ஸில் போகிறவன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "அந்தா சாஞ்சாப்ல தெரியுது பாரு, அதுக்கடியில ஒரு முழு ஆளு நின்னமேனிக்கு இருக்கான்" என்பான். பக்கத்து சீட்டுக்காரன் சும்மா இருப்பானா? "கையில மம்பட்டியோட நிக்கிறான்னுல்ல கேள்வி" என்பான். பின்சீட்டில் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாள் இரண்டு பேரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். "பெண்டாட்டிக்காரி சம்மதிச்சுத்தான் பலி குடுத்தாக. அதுக்குத்தான அவளுக்குக் கோயிலுக்குள்ளயே ரூமு குடுத்து ராணி கணக்கா வச்சிருக்காக!" திருச்சுழி வருவதற்குள் செத்தவனுக்கு மீசை முளைத்து, குதிரை கிடைத்து, அவன் அமாவாசைக்கு அமாவாசை ஊரைச் சுற்றிவர ஆரம்பித்துவிடுவான்.

இத்தனையிலும் கோபுரம் சாய்ந்திருந்தது ஒன்றுதான் நிஜம். ராணி கணக்கா இருந்ததாகச் சொல்லப்பட்ட சங்கரம்மாள், ஒரு கை விளக்குமாறும் இரண்டு வெள்ளைச் சேலையும் வைத்துக்கொண்டு என்ன ஆட்சி நடத்தினாள் என்று கேட்டால் மற்றதெல்லாம் தன்னால் வெளியே வந்துவிடும்.

அதற்கு முதலில் கோயிலைப் பற்றிக் கொஞ்சம். ஏசு வேதம் சொல்ல வந்த ஒரு சாமியார் பனையோலையில் போட்ட குடிசைதான் ஆதிக் கோயில். அது தீப்பிடித்து எரிந்தது. அடுத்து மண்சுவர் வைத்தார்கள். அடைமழையில் அது கரைந்து கண்மாய்க்கே போய்விட்டது. தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித் தொட்டி வைத்த சாமியார், கஞ்சி குடிக்க வந்த ஜனத்தை வைத்துச் செங்கலும் சுண்ணாம்புமாக நீளமாக ஒரு கோயில் எழுப்பினார். அதுதான் இன்றைக்கும் நிற்கிறது. முகப்பில் ஒரு கோபுரம் வைக்கவேண்டும் என்பது அவர் ஆசை. ஆள் உயரம் வந்ததும் அது வாயைப் பிளந்தது. இடித்துவிட்டார்கள். பின்னால் வந்த இன்னொரு சாமியார் வைத்த கோபுரம், வெடி போட்டமாதிரி ஒரு ஐப்பசியில் விழுந்தது. ஆகக்கூடிக் கோயில் நெடுங்காலத்துக்கு மூக்கறுந்த முகமாகவே இருந்தது.

உள்ளே இருப்பவர் சந்தியாகப்பர். வெள்ளைக் குதிரை மேல் வாளை ஓங்கிக்கொண்டு இருப்பார். வாளும் குதிரையும் உள்ள சாமியை நம்ம பக்கத்து ஜனம் விட்டுவிடுமா? வேதக்காரர்களுக்குச் சந்தியாகப்பர், மற்றவர்களுக்குக் குதிரைச்சாமி. ஆடி மாதத் திருவிழாவுக்கு அருப்புக்கோட்டை நெசவுக்காரர்கள் சரிகைத் துண்டு நேர்ந்துகொண்டு வந்து, தெலுங்கிலேயே வேண்டிக்கொண்டு போவார்கள். குதிரைச்சாமிக்கு எத்தனை பாஷை தெரியும் என்று யாரும் விசாரித்ததில்லை.

கோபுரம் ஏன் நிற்கவில்லை என்பதற்கு ஊரில் சொல்லப்பட்ட காரணம், குதிரைச்சாமி ஒரு உசுரு கேட்கிறார் என்பது. நிஜக் காரணம் கரிசல் மண். மழை பெய்தால் ஊதும், காய்ந்தால் ஆளின் கால் புகுமளவு வெடிக்கும். அதன் மேல் கல் நிற்கவேண்டுமானால் அடியில் கிடக்கும் சுக்கான் பாறையைத் தொடும்வரை வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டவேண்டும். சுக்கானைத் தொடாத கட்டடத்துக்கு ஆயுள் ஒரு நல்ல மழைதான். உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டில் பிறந்த எவனுக்கும் இது தெரியும். தெரிந்தும் ஊர் எப்படிக் கோட்டைவிட்டது என்பதுதான் கதை.

அறுபத்தாறாம் வருஷம் வானம் பார்த்த பூமி வானத்தைப் பார்த்தே இருந்தது. கோயிலில் அமெரிக்கா கோதுமை வந்து இறங்கியது. வேலை செய்கிற குடும்பத்துக்குக் கோதுமையும், டின்னில் எண்ணெயும், பிள்ளைக்குப் பால்பவுடரும். வேலை எது? கோபுரத்துக்கு வானம் தோண்டுவது. வேதக்காரர் தெரு, கீழத்தெரு என்ற பேதம் இல்லாமல் ஊரே மண்வெட்டியோடு வந்து நின்றது. முதல் வாரம் அந்தக் கோதுமையை அரிசியைப்போல வடித்துத் தின்றுவிட்டு ஊரே கண்மாய்க் கரையில் குத்தவைத்திருந்தது தனிக்கதை.

கீழத்தெருவிலிருந்து வந்தவர்கள்தான் மாரிச்சாமியும் சங்கரம்மாளும். பாலவனத்தத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். கைப்பிள்ளை மாரிக்கனியை வேப்பமரத்துத் தொட்டிலில் போட்டுவிட்டு மண் சுமப்பாள். மாரிச்சாமி குழிக்குள் கடப்பாறை போடுவான். நல்ல வேலைக்காரன். ஆனால் எந்த இடத்திலும் உட்கார்ந்தால் எழுந்து போகப்போகிறவன் போலவே உட்காருவான். மலைப்பக்கம் எங்கேயாவது தண்ணீர் ஓடுகிற ஊருக்குப் போய்விடவேண்டும் என்று அடிக்கடி சொல்லுவான். எல்லோரும்தான் சொன்னார்கள். அதனால் சங்கரம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்கு முந்தின ராத்திரி அதிசயமாக ஒரு மழை தூறியிருந்தது. மத்தியானம் எல்லோரும் குழியைவிட்டு ஏறிக் கூழ் குடிக்கப் போனார்கள். சங்கரம்மாள் கடைசித் தட்டு மண்ணைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். எதிரே மாரிச்சாமி வாளித் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு, வேப்பங்கிளையில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டான். திருவிழாவுக்கும் ஓட்டுப் போடவும் மட்டும் போடுகிற கட்டம் போட்ட சட்டை. காலையில் அதை எதற்குக் கொண்டுவந்தான் என்று அவள் கேட்டிருக்கவில்லை.

"எங்க?" என்றாள்.

"வெளிக்கிப் போயிட்டு வாரேன்."

கண்மாய்க் கரைக்கு அப்பால் ஒதுங்கப் போகிறவனுக்குச் சட்டை எதற்கு? தலையில் பாரம் இருந்ததால் அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. மண்ணைக் கொட்டிவிட்டுப் பார்த்தபோது அவன் மடையைத் தாண்டி, காரியாபட்டிப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தான். தொட்டில் மரத்தைக் கடந்துதான் போயிருக்கவேண்டும். நிற்கவில்லை. நடையில் அவசரமும் இல்லை.

அவள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் பின்னால் பொதக்கென்று ஒரு சத்தம். குழியின் மேற்குச் சுவர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தார்கள். சேற்றுக்கு வெளியே ஒரு கடப்பாறையின் நுனியும், சிவப்புத் துண்டின் ஒரு முனையும் தெரிந்தன.

"ஏலே, இது மாரிச்சாமி துண்டுல்ல?"

"ஆளு எங்க? கூழு குடிக்க வரலையே!"

"அய்யய்யோ, உள்ள இருந்திருக்கான்டோய்!"

சங்கரம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "இல்ல. அவரு உள்ள இல்ல" என்றாள்.

அவளுடைய கொழுந்தன் சோலைச்சாமி, மாரிச்சாமிக்கு இளையவன், அவள் காலடியில் விழுந்து புரண்டான். "மதினி! அண்ணனக் காவு குடுத்துட்டமே மதினி!"

"உள்ள இல்லப்பா. இப்பத்தான்…"

அதற்குள் பின்னாலிருந்து ஒருத்தி அவளை இழுத்து நெஞ்சோடு சேர்த்து அமுக்கினாள். "இல்லன்னு சொல்லாத ஆத்தா. மனசு ஏத்துக்கிடாதுதான். அழுதுரு. அழுதாத்தான் ஆறும்." வாயும் மூக்கும் அவளுடைய மாராப்புக்குள் புதைந்து, சங்கரம்மாளுக்கு மூச்சே முட்டியது. மூச்சுக்குத் திமிறியதைப் பார்த்து மற்றவர்கள், "பாவி மக, புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று ஒப்பாரியைத் தொடங்கினார்கள். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். அதற்கும் தண்ணீர் தெளித்தார்கள். அப்புறம் அவள் சொல்லவில்லை. இரண்டு காதிலும் யாரோ பருத்தியை அடைத்த மாதிரி இருந்தது.

பெரிய சாமியார் மதுரைக்குப் போயிருந்தார். கோயில் காரியங்களைப் பார்த்துக்கொண்டிருந்த தொம்மை உபதேசியார்தான் பொறுப்பு. பொழுது சாயும்வரை தோண்டிப் பார்த்தார்கள். ஒரு தட்டு அள்ளினால் இரண்டு தட்டு சரிந்தது. போலீஸுக்குச் சொன்னால் வேலையை நிறுத்துவார்கள், வேலை நின்றால் கோதுமை நிற்கும், கோதுமை நின்றால் ஊரே நிற்காது. உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டு சொன்னார்: "இனிமே இதுதான் அவனுக்குக் கல்லறை. செத்தவன் மேல கடப்பாறை போடுறது பாவம். இதுக்குக் கீழ ஒருத்தரும் தோண்டக் கூடாது." சோலைச்சாமி ஒரு தேங்காயை உடைத்தான். கிராமக் கணக்கில் வயிற்றுப்போக்கு என்று எழுதிக்கொண்டார்கள். அந்த வருஷம் யாரைக் கேட்டாலும் வயிற்றுப்போக்குதானே.

சுக்கானைத் தொடுவதற்கு இன்னும் ஒன்றரை ஆள் ஆழம் இருந்தது. இறந்தவனுக்கு மரியாதை செய்கிறோம் என்று ஊர் அதைத் தொடாமலே விட்டது. சரிந்த மண்ணையே திமிசு போட்டு இறுக்கி, அதன் மேல் கல்லை அடுக்கிக் கோபுரத்தைத் தூக்கிவிட்டார்கள். கோபுரம் நின்றது. உசுரு கிடைத்தது, அதான் நின்றது என்றார்கள்.

பதினாறாம் நாள் கருமாதிவரைக்கும் சங்கரம்மாள் கண்மாய்க் கரையை அவ்வப்போது பார்த்தாள். வந்துவிட்டால் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். அன்றைக்குத் தாலியைக் கழற்றினார்கள். வெள்ளைச் சேலை உடுத்திவிட்டார்கள். பெரிய சாமியார் வந்து, கோபுரத்தை ஒட்டிய சாமான் ரூமை ஒழித்துக் கொடுத்து, கோயில் பெருக்கும் வேலையையும் கொடுத்தார். "கோயிலுக்காக உயிர் விட்டவர் குடும்பம். ஆயுசுக்கும் இங்கேயே இருங்க" என்றார். அவள் தலையை ஆட்டினாள். பெண்டாட்டியை விட்டுவிட்டு ஓடியவனின் பெண்டாட்டிக்கு ரூம் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். பாலவனத்தத்தில் அண்ணன் வீட்டில் மாட்டுக் கொட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு இடம் கிடைக்கும். அண்ணன் பெண்டாட்டி அதையும் எண்ணி எண்ணிக் கொடுப்பாள். கைப்பிள்ளை இருக்கிறது. அவள் விளக்குமாற்றை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு கண்மாய்க் கரையைப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள்.

ஊர் விடவில்லை. முதல் கல்லறைத் திருநாளுக்குக் கோபுரத்தடியில் ஒரு கல்லில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அடுத்த சிவராத்திரிக்குக் கீழத்தெருக்காரர்கள் சூடம் ஏற்றினார்கள். அதற்கடுத்து சோலைச்சாமிக்கு அருள் வந்தது. அண்ணன் சுருட்டு கேட்கிறாகளாம். வைத்தார்கள். சாராயம் கேட்கிறாகளாம். அதையும் வைத்தார்கள். அண்ணன் உயிரோடு இருந்தபோது சுருட்டு வாடையே பிடிக்காது, குமட்டும். ஆனால் தம்பிக்கு இரண்டும் பிடிக்கும். கோபுரத்தடி மாரிச்சாமி என்று பெயரும் விழுந்தது. ஒரே கல்லின் இந்தப் பக்கம் சிலுவை, அந்தப் பக்கம் திருநீறு. காலையில் இரண்டையும் சேர்த்துப் பெருக்குகிறவள் சங்கரம்மாள். சுருட்டுத் துண்டை ஒரு பக்கமாகவும் மெழுகை ஒரு பக்கமாகவும் ஒதுக்குவாள். முகத்தில் ஒன்றும் இருக்காது.

"எப்பேர்ப்பட்ட வைராக்கியம் பாரு, ஒரு சொட்டுக் கண்ணீரு விட மாட்டேங்குறா" என்றாள் ஒருத்தி.

"பலி குடுத்தவ எப்பிடிடீ அழுவா?" என்றாள் இன்னொருத்தி. வதந்தி அங்கேதான் பஸ் ஏறியது.

நடுவில் ஒரு வேடிக்கை. பருத்தி லோடு ஏற்றிக்கொண்டு போகும் லாரியில் கிளீனராகப் போன தனுஷ்கோடி, கீழத்தெருப் பையன், ஒரு நாள் ஓட்டமாக வந்தான். கம்பத்துச் சந்தையில் மாரிச்சாமியைப் பார்த்தானாம். வாழைக்காய் விற்கிறானாம். பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை, இரண்டு பிள்ளைகள். "என்னைப் பாத்ததும் சாக்கை எடுத்து முகத்த மறைச்சுக்கிட்டாரு. நெத்தித் தழும்பு அதே தழும்பு!" என்றான். சங்கரம்மாள் அப்போது கோபுரத்தடிக் கல்லுக்கு முன்னால் பெருக்கிக்கொண்டிருந்தாள். சோலைச்சாமி என்ன சொல்லப்போகிறான் என்று ஊரே வாயைப் பார்த்தது.

சோலைச்சாமி கண்ணை மூடித் திறந்தான். "அண்ணன் அங்கயும் போயிருச்சு" என்றான்.

அவ்வளவுதான். கம்பம்வரைக்கும் காவல் போகிற சாமி என்று அந்த வருஷம் ஒரு கிடாய் கூடுதலாக விழுந்தது. தனுஷ்கோடிக்கே சந்தேகம் வந்து, தானும் ஒரு தேங்காய் உடைத்தான். சங்கரம்மாள் பெருக்கி முடித்து, குப்பையை அள்ளிக் கொட்டிவிட்டு, உலை வைத்தாள். இரண்டு பிள்ளைகள் என்று சொன்னது மட்டும் சோறு கொதிக்கும்வரை தலைக்குள் இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

எழுபத்தேழில் கோபுரம் வெளிப்படையாகவே சாய்ந்துவிட்டது. சாய்ந்த பக்கம் சங்கரம்மாளின் ரூம். ரூம் சுவரில் ஒரு வெடிப்பு விழுந்து, பல்லி போய் வந்த இடத்தில் அணில் போய் வர ஆரம்பித்தது. புதிதாக வந்த சாமியார் இளவயசு, சைக்கிளில் சுற்றுகிறவர். மதுரையிலிருந்து ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டினார். அவர் கோபுரத்தையும் பார்த்தார், வானத்தையும் பார்த்தார். அடியைத் தோண்டிச் சுக்கான்வரைக்கும் கான்கிரீட் இறக்கினால் தப்பிக்கும், இல்லாவிட்டால் இந்த ஐப்பசி தாண்டாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கடப்பாறையோடு ஆட்கள் வந்தபோது, சோலைச்சாமி கோபுரத்தடியில் குறுக்கே படுத்துக்கொண்டான். கிழவராகிப்போன தொம்மை உபதேசியாரும் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வேறு எந்தக் காரியத்திலும் ஒத்துப்போகாத இரண்டு தெருவும் அவர்களுக்குப் பின்னால் ஒன்றாக நின்றன.

"எங்கண்ணன் எலும்புல கடப்பாறை பட்டுச்சுன்னா ஊரு வெந்துபோகும் சாமி" என்றான் சோலைச்சாமி.

"அது கல்லறை சாமி. கல்லறைய நோண்டப்படாது" என்றார் உபதேசியார்.

"எலும்ப எடுத்து முறைப்படி நல்ல இடத்துல அடக்கம் பண்ணுவோம்" என்றார் சாமியார்.

"எலும்ப எடுத்துட்டா கோபுரத்த யாரு தாங்குறது? ஒங்க இன்ஜினியரா?" என்றான் சோலைச்சாமி.

கூட்டம் சிரித்தது. சாமியாருக்கு முகம் சிவந்தது. "தோண்ட விடலைன்னா நான் ரூமையாவது காலி பண்ணணும். அந்த அம்மாவும் பிள்ளையும் அதுக்குள்ள படுக்கக் கூடாது. அண்ணன் வீட்டுக்கு அனுப்பிரலாம்."

"எதுக்கு அனுப்பணும்? மதினி இருக்கட்டும். கட்டுன பெண்டாட்டி மேலயா அண்ணன் கோபுரத்தச் சாய்ப்பாக?"

எல்லோரும் சங்கரம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ரூம் வாசலில் விளக்குமாற்றோடு நின்றாள். மேற்கே மழைக் கருக்கல் கட்டியிருந்தது. சாமியார் அருகே வந்தார். "அம்மா, நீங்கதான் அவருக்கு உரிமைப்பட்டவங்க. நீங்க தோண்டுன்னா தோண்டுறேன். வேணாம்னா விட்டுர்றேன்."

வேண்டாம் என்றால் ரூம் இருக்கும், மழை வரும்வரைக்கும். தோண்டு என்றால் தோண்டுவார்கள். உள்ளே ஒன்றும் இருக்காது. அப்புறம் ரூம் இருக்காது. இரண்டையும் அவள் ஏற்கெனவே பல நாள் எண்ணிப் பார்த்துவிட்டாள். எண்ணும்போது பயமாகக்கூட இல்லை, யாருடைய வீட்டுக் கதையோ போல இருந்தது.

"மாரிக்கனி, சாமானை எடுத்து வெளிய வையி" என்றாள் மகளிடம்.

மாரிக்கனி வயசுக்கு வந்த பிள்ளை. அப்பா கல்லுக்குத் தினமும் விளக்குப் போடுகிறவள். வெடிப்புக்கு நேரே தலையை வைத்துத்தான் படுப்பாள். அவள் அசையவில்லை. "எதுக்கும்மா?"

"விழுந்துரும்த்தா."

"விழாதும்மா. அப்பா தாங்கிக்கிட்டுத்தான இருக்காரு" என்று சிரித்தாள் மாரிக்கனி. சிரித்துக்கொண்டே உள்ளே போய், வெடிப்புக்கு அடியில் பாயை விரித்து உட்கார்ந்தாள்.

கூட்டத்தில் இருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "பெத்த பிள்ளையே சொல்லிருச்சு" என்று எழுந்து நின்றான் சோலைச்சாமி. கண்மாய்ப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. சுவர் வெடிப்பிலிருந்து காரை பொடிப்பொடியாக மாரிக்கனியின் தலையில் உதிர்ந்தது. அவள் அதைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

சங்கரம்மாள் அதைப் பார்த்தாள். விளக்குமாற்றை வாசலில் போட்டாள். கோபுரத்தடிக்கு நடந்து போய், திருநீறும் மெழுகும் அப்பியிருந்த கல்லுக்கு முன்னால் நின்றாள். அவள் அழப்போகிறாள் என்று நினைத்து ஒருத்தி ஓடிவந்து தோளைப் பிடித்தாள். அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டாள். அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"என்னைய அமுக்காதீக. அன்னைக்கும் இப்பிடித்தான் அமுக்குனீக. எம் புருசன் இதுக்குள்ள இல்ல. பலியும் இல்ல, ஒரு மயிரும் இல்ல. குழி சரியிறதுக்கு முன்னாடியே எங்கள விட்டுட்டு ஓடிப்போயிட்டான். கம்பத்துல வாழைக்கா விக்கிறானே, அவன்தான் அவன். உள்ள இருக்கிறது வெறும் மண்ணு. ரூமு வேணும்னா எடுத்துக்கங்க சாமி. தோண்டுங்க."